மெய் போன்ற பொய்யும் நம் மனமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. கண்ணையும் காதையும் ஒரே நேரத்தில் பொய் சொல்ல வைக்கும் கருவி ஒன்று இன்று கடைகளில் விற்கிறது. வி.ஆர். ஹெட்செட் என்பது அதன் பெயர். அது காட்டும் உலகை மெய்நிகர் உலகம் என்று தமிழில் கூறுகின்றனர். நீச்சல் வீரர் அணியும் கண்ணாடியைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும் அக்கருவியைத் தலையில் மாட்டிக் கொண்டால், நாம் நிற்கும் அறை மறைந்து போகும். கடலடியோ, மலையுச்சியோ, விண்வெளியோ நம்மைச் சூழ்ந்து கொள்ளும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். குனிந்தால் காலடியில் நிலம் தெரியும். சினிமாவை நாம் வெளியே அமர்ந்து பார்க்கிறோம். இதற்குள்ளோ நாமே போய் நிற்கிறோம்.

இது மனத்துக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இத்தகைய தலைப்பைக் கொடுத்தவுடன், "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று எழுதி முடித்துவிடுவது மாணவியராகிய நம் வழக்கம். இங்கே அந்தப் பழமொழி போதாது என்பது எங்கள் எண்ணம். ஒரே ஒரு முறை, பத்தே நிமிடம் இக்கருவியை அணிந்து பயன் பெற்றவரும் உண்டு. பத்தே நிமிடத்தில் மனம் புண்பட்டவரும் உண்டு. ஆகவே அளவைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் தீராது.

இது நேற்று முளைத்த புதுமையன்று. 1962-ஆம் ஆண்டிலேயே மார்ட்டன் ஹைலிக் என்ற அமெரிக்கர் 'சென்சோராமா' என்ற பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதனுள் தலையை நுழைத்து அமர்ந்தால் படம் தெரியும், காற்று வீசும், மணம் வரும், ஆசனம் அதிரும். 1968-இல் ஐவன் சதர்லாந்து என்பவர் தலையில் அணியும் கருவியைச் செய்தார். அது மிகுந்த கனமாக இருந்தபடியால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்ததாம்! 1980-களில் ஜேரன் லேனியர் இதன் ஆங்கிலப் பெயரைப் பரப்பினார். பிறகு படிப்படியாக எடையும் விலையும் குறைந்து, இன்று பொருட்காட்சியிலும் பெரிய வணிக வளாகங்களிலும் சிறு பிள்ளைகள் வரிசையில் நின்று கண்ணாடி மாட்டிக் கொள்கின்றனர்.

பொய் என்று தெரிந்த பின்னும் மனம் ஏன் ஏமாறுகிறது? இதுதான் எங்களுக்கு மிகவும் வியப்பளித்தது. சமதளமான அறையில் ஒருவரை நிறுத்தி, கண்ணாடி வழியே ஆழமான பள்ளமும் அதன் மேல் ஒரு பலகையும் காட்டுவார்கள். 'நடந்து வாருங்கள்' என்றால் சிலர் அடியெடுத்து வைக்கவே மறுக்கின்றனர். காலுக்குக் கீழே தரை இருப்பது அறிவுக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கை வியர்க்கிறது.

இதற்குக் கண்ணாடிகூட வேண்டியதில்லை. 1998-இல் பாட்வினிக், கோஹன் என்ற இருவர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். ஒருவருடைய சொந்தக் கையை மறைப்புக்குப் பின்னால் வைத்து, அவர் கண்ணெதிரே ரப்பர் கை ஒன்றை வைத்தனர். இரண்டையும் ஒரே சமயத்தில் தூரிகையால் வருடினர். சிறிது நேரத்தில் அந்த ரப்பர் கை தம்முடைய கை என்றே அவர்கள் உணரத் தொடங்கினர். கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒத்துப்போனால், 'இது நான்' என்று மனம் கையொப்பம் இட்டு விடுகிறது. இந்த ரப்பர் கையை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

முதலில் நன்மையைக் கூறுவோம். தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்து மறு கட்டுப் போடுவது போன்ற வேதனை வேறில்லை என்பார்கள். வலி நீக்கும் கடுமையான மருந்து கொடுத்தும் நோயாளிகள் துடிப்பார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் இதற்காகவே 'ஸ்னோ வேர்ல்ட்' என்ற பனியுலகைப் படைத்தனர். கண்ணாடியை அணிந்த நோயாளி, பனி மூடிய பள்ளத்தாக்கில் மிதந்து செல்கிறார். பனிமனிதர் மீதும் பென்குவின் பறவைகள் மீதும் பனி உருண்டைகளை எறிகிறார். அவ்வேளையில் செவிலியர் புண்ணுக்கு மருந்திடுகின்றனர். வலி குறைந்ததாக நோயாளிகள் கூறினர். 'சொல்லுகிறார்கள், ஆனால் உண்மையா?' என்று கேட்போருக்கும் விடை உண்டு. 2004-இல் நலமான சிலருக்குச் சிறு வலி ஏற்படுத்தி மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பனியுலகில் இருந்த நேரத்தில் வலியை உணரும் மூளைப் பகுதிகளின் இயக்கமே குறைந்திருந்தது. மனத்துக்கு ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கவனிக்க இயலாது. கவனம் பனியில் ஆழ்ந்துவிட்டால் நெருப்பின் வேதனைக்கு இடம் குறைகிறது. மருந்தை விலக்கிவிட்டு இதைத் தருவதில்லை, மருந்தோடு சேர்த்தே தருகின்றனர் என்பதையும் கூற வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டாசு வெடித்துக் கையைச் சுட்டுக்கொள்ளும் நம் ஊர்ச் சிறுவர்களை எண்ணும்போது, இப்படிப்பட்ட கருவிக்கு எதிராகப் பேச நமக்கு நா எழவில்லை.

அச்சத்தைப் போக்குவதிலும் இது உதவுகிறது. 1995-இல் பார்பரா ராத்பாம் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் உயரத்தைக் கண்டு நடுங்கும் மாணவர்களுக்குக் கணிப்பொறியில் செய்த பாலங்களையும் மாடி முகப்புகளையும் கண்ணாடி மின்தூக்கியையும் காட்டிச் சிறிது சிறிதாகப் பழக்கினர். பலர், எவரும் சொல்லாமலே, வெளியில் போய் உண்மையான உயரங்களில் ஏறிப் பார்த்தார்களாம். எங்களுக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான். 2022-இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் அத்தகையதே. கடுமையான மனநோயால் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் 346 பேர் அதில் பங்கு பெற்றனர். அவர்களில் மெய்நிகர் சிகிச்சை பெற்றவர்களுக்குக் காட்டப்பட்டவை விந்தை உலகங்கள் அல்ல. ஒரு தெரு, ஒரு பேருந்து, ஒரு கடை, மருத்துவரைக் காணக் காத்திருக்கும் அறை போன்றவையே! நாம் அன்றாடம் முணுமுணுத்துக்கொண்டே ஏறும் நெரிசல் பேருந்து சிலருக்கு எவ்வளவு பெரிய மலை என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தோம். மிகுதியாக அஞ்சியவர்களுக்கே மிகுதியான பயன் கிடைத்தது.

இந்த மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. மருத்துவம் அறிந்தோர் அருகில் நின்று வழிநடத்துகின்றனர். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது முன்பே தெரியும். கழற்றிய பிறகு உண்மை உலகில் அவர் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகவே மாட்டுகின்றனர். கடையில் வாங்கும் கருவிக்கு இவற்றில் எது உண்டு? அதைச் செய்து விற்போருக்கு, நாம் கழற்றாமல் இருப்பதில்தானே இலாபம்!

இங்கே நம் கத்தோலிக்க மரபிலிருந்தும் ஒன்றைக் கூறலாம். காட்சிக்குள் புகுந்து நிற்பது நமக்குப் புதிதன்று. 1548-இல் அச்சான 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில் லொயோலா புனித இஞ்ஞாசியார், நற்செய்தி நிகழ்ச்சி நடந்த இடத்தை மனக்கண்ணால் கட்டி எழுப்பச் சொல்கிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் பாதை எவ்வளவு நீளம், சமவெளியா பள்ளத்தாக்கா, குகை பெரிதா சிறிதா என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம். தியான நாள்களில் அருட்சகோதரியர் நம்மைக் கண்ணை மூடச் சொல்லி இவ்வாறு நடத்திச் செல்வதுண்டு. ஆனால் அந்தக் குகையை நாமே கட்டுகிறோம். ஒருத்தி கட்டிய குகை மற்றொருத்தி கட்டியது போல் இராது. கருவியிலோ எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ கட்டி வைத்த குகையில் எல்லாரும் நுழைகிறோம். 2002-இல் திருச்சபையின் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை, இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் அதன் பல நன்மைகளைப் பாராட்டியது. அதே ஏட்டில், நற்கருணையில் ஆண்டவரின் உண்மைப் பிரசன்னத்துக்கும் மனிதர் நேரில் கூடிச் செய்யும் வழிபாட்டுக்கும் மெய்நிகர் உலகம் ஈடாகாது என்றும் தெளிவாகக் கூறியது. கருவியைப் பழிக்காமலே அதன் எல்லையைக் காட்டிய அந்த முறை எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

இனித் தீமைகள். தலைச்சுற்றலும் குமட்டலும் பலருக்கு வரும். ஓடுவதாகக் கண் சொல்கிறது; அசையாமல் நிற்பதாக உட்காது சொல்கிறது; இரண்டுக்கும் நடுவே வயிறு அவதிப்படுகிறது. பெண்களுக்கு இது அதிகம் வருகிறது என்று நெடுநாள் கூறி வந்தனர். பெண்கள் மென்மையானவர்கள், அதனால்தான் என்று எவரேனும் சொல்லுமுன் ஒன்றைத் தெரிவித்து விடுகிறோம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணாடியின் இரு வில்லைகளுக்கு இடையிலுள்ள தூரம் பல பெண்களின் கண்களுக்குப் பொருந்தாமல் அகன்று இருந்ததே முக்கியக் காரணம் என்று காட்டியது. சட்டையைத் தைத்தவர் அளவு எடுக்கவில்லை. உடம்பின் மேல் குற்றம் சொன்னார்கள்!

உருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த உலகில் நாம் எந்த உருவத்தையும் போட்டுக் கொள்ளலாம். 2007-இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் மற்றவர்களைவிட விடாப்பிடியாக இருந்தனர். உடை மாறினால் உள்ளமும் மாறுகிறது போலும். இதில் நல்லதும் இல்லாமலில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளிறிய தோலுடைய மகளிர் கறுப்பு உடல் பெற்று அவ்வுலகில் சிறிது நேரம் உலவிய பின், கறுப்பின மக்களைப் பற்றி அவர்கள் உள்ளத்தில் ஒளிந்திருந்த தவறான எண்ணம் குறைந்திருந்தது. ஆனால் வீட்டில் விளையாடும் பெண்கள் எந்த உருவத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? சிவப்பாக, ஒல்லியாக, நீண்ட கூந்தலோடுதான். மாப்பிள்ளை வீட்டார் விளம்பரத்தில் கேட்கும் அதே பெண்ணைத்தான் நாமும் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு மணி நேரம் அவளாக இருந்துவிட்டுக் கழற்றியதும், எதிரே நிலைக்கண்ணாடி இருக்கிறது.

அடுத்ததை எழுதலாமா என்று தயங்கினோம். பெற்றோர் அறிய வேண்டியது என்பதால் எழுதுகிறோம். 2021 நவம்பரில், மெட்டா நிறுவனத்தின் 'ஹொரைசன் வேர்ல்ட்ஸ்' என்ற மெய்நிகர் உலகில் நுழைந்த பெண் ஒருவர், அங்கே முன்பின் அறியாத ஒருவரின் உருவம் தம் உருவத்தைத் தகாத முறையில் தீண்டியதாகப் புகார் கூறினார். 2022 பிப்ரவரியில் அந்நிறுவனம், உருவங்களுக்கு இடையே ஏறத்தாழ 4 அடி இடைவெளி இருக்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. "பொம்மையைத்தானே தொட்டான், பெண்ணைத் தொடவில்லையே" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு அந்த ரப்பர் கையை நினைவூட்டுகிறோம். ரப்பரைத் தன் கை என்று ஏற்றுக்கொண்ட மனம், தன்னோடு சேர்ந்து நடக்கும், தன் கையை அசைத்தால் கையசைக்கும் உருவத்தை யாருடையது என்று நினைக்கும்? அந்தப் பெண்ணின் பயம் பொய்யன்று.

சிறு பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2009-இல் செகோவியா, பெய்லன்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு அவர்களைப் போன்ற உருவமே திமிங்கிலங்களோடு நீந்துவதை மெய்நிகர் உலகில் காட்டினர். சில நாள் கழித்துக் கேட்டபோது, தாங்கள் உண்மையாகவே நீந்தியதாக நம்பியவர்கள், அதைக் கதையாக மட்டும் கேட்ட பிள்ளைகளைவிட அவர்களிடையே அதிகம். கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொன்ன பிள்ளைகளும் அப்படியே நம்பினர் என்பதை மறைக்கக் கூடாது. மேலே நாம் கூறிய குகை வாதத்திற்கு அது சற்று இடைஞ்சல்தான். ஆயினும், சொந்த மனம் வரைந்த படத்தை நாளை அதே மனம் திருத்திக் கொள்ளலாம். பிறர் வரைந்து தந்த படத்தை எப்படித் திருத்துவது? சோனி நிறுவனம் தன் வி.ஆர். கருவியை 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தலாகாது என்கிறது. மெட்டாவோ 13 என்றிருந்த வயதைப் பெற்றோர் மேற்பார்வையுடன் 10 என்று 2023-இல் குறைத்துவிட்டது. பிள்ளைகள் அவ்வளவு விரைவில் வளர்ந்து விட்டார்களா என்ன!

எங்கள் வகுப்பை இரண்டாகப் பிரித்த செய்தி ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியில் தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஏழு வயதில் நோயால் இறந்துபோன மகளின் உருவத்தைப் பல மாதங்கள் உழைத்துக் கணிப்பொறியில் உயிர்ப்பித்து, அவளுடைய தாயின் கண்ணெதிரே நிறுத்தினர். கண்ணாடியும் கையுறையும் அணிந்த தாய், ஒரு பூங்காவில் மகள் ஓடி வருவதைக் கண்டு கையை நீட்டித் தடவினார். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஏற்றினர். முடிவில் குழந்தை உறங்கப் போனாள். வெண்ணிறப் பட்டாம்பூச்சி ஒன்று பறந்தது. குடும்பத்தார் வெளியே அமர்ந்து, வெறும் காற்றைத் தழுவும் தாயைப் பார்த்து அழுதுகொண்டிருந்தனர். நெடுநாள் விரும்பிய கனவு ஒன்று கிடைத்தது போல் இருந்தது என்று அந்தத் தாய் பிறகு கூறினார்.

எங்கள் வகுப்பில் தந்தையை இழந்த தோழியர் இருவர் இருக்கின்றனர். ஒருத்தி, "எனக்குக் கிடைத்தால் ஒரே ஒரு முறை போட்டுக்கொள்வேன். அப்பா என்னை 'பாப்பா' என்று கூப்பிட்டால் போதும்" என்றாள். மற்றவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா குரல் எனக்கு இப்போதே கொஞ்சம் மறந்து போயிற்று. அதைப் போட்டுக்கொண்டால், மீதியும் போய் அந்தக் குரல்தான் நிற்கும்" என்றாள். இந்தக் கட்டுரைக்காக நாம் படித்தவற்றில் எதுவும் அந்த ஒரு வாக்கியத்தைப் போல் எங்களைச் சிந்திக்க வைக்கவில்லை.

திமிங்கிலத்தோடு நீந்தியதாக நம்பிய பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், இரண்டாமவள் அஞ்சியது வீண் அன்று என்றே தோன்றுகிறது. அந்தத் தாய் வயது வந்தவர்; பெற்று வளர்த்த நினைவு ஏழு ஆண்டுகளுக்கு அவரிடம் இருக்கிறது; ஒரே முறை, குடும்பத்தார் சூழப் போய் வந்தார். அவரைக் குறை கூற நாம் யார்? ஆனால் நான்கு வயதில் தந்தையை இழந்த குழந்தையிடம் இருப்பது இரண்டு மூன்று நினைவுகளே. தோளில் தூக்கிச் சென்றது, சோற்றில் தயிர் பிசைந்து ஊட்டியது, அவ்வளவுதான். அந்தச் சிறு கையிருப்பின் மேல் கணிப்பொறித் தந்தையை ஊற்றினால், எது அப்பா, எது படம் என்று அவள் பெரியவளான பிறகு யார் பிரித்துக் கொடுப்பார்கள்? கல்லறைத் திருநாளன்று நாம் புல்லைச் செதுக்கி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பெயர் சொல்லிச் செபிக்கிறோம். அவர்கள் திரும்பிப் பேசுவதில்லை. பேசுவதில்லை என்பதால்தான் நாம் நினைவுபடுத்திக் கொள்கிறோம். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு இறந்தவரை இவ்வாறு காட்டுவதைச் சட்டமே தடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதல் தோழி இதை ஏற்கவில்லை. "உங்களுக்கெல்லாம் அப்பா இருக்கிறார்" என்றாள். அதற்கு எங்களிடம் விடையில்லை. ஆனாலும் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை.

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ இக்கருவியைப் பரிசாகக் கொண்டு வரும் வீடுகள் இப்போது நம்மிடையே உண்டு. அத்தகைய வீட்டுப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தம்பி தங்கையருக்கு வயது ஆகவில்லையென்றால் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். வயது வந்த பிள்ளை அணியும்போது கதவைச் சாத்த வேண்டாம். பெரியவர் ஒருவர் அறையில் இருக்கட்டும். கழற்றியவுடன் "விளையாடியது போதும், போய்ப் படி" என்று விரட்டாமல், "என்ன பார்த்தாய், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள்" என்று கேட்டு, பிள்ளை சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள். தொடங்குமுன் வில்லைகளின் இடைவெளியை மாற்றும் வசதி கருவியில் இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளையின் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக் கொடுங்கள். பெண்பிள்ளையாக இருந்தால், இதை மறக்கவே வேண்டாம்.